கிணற்றடியில் படுத்திருந்த மாப்பிள்ளை

பொய். முழுப்பொய். என் தம்பி சீவரத்தினம் நாய்க்காகப் பெண் எடுத்தவன் என்று பக்கத்து வளவு இராசமலர் சந்தை முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம். நாய்க்காக அந்த வீட்டுக்குப் போனான், அது உண்மை. அங்கே ஒரு பெண்ணும் இருந்தாள் என்றால் அதற்கு அவன் என்ன செய்வான்?

நாட்டில் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். மட்டுவிலில் எங்களுக்கு அறுபது செம்மறி இருந்தன. எருவுக்காக வயற்காரர் கூப்பிடும் இடத்தில் இரவில் பட்டி அடைப்போம். நரி வந்து குட்டிகளைத் தூக்கும். அந்த வருடம் பங்குனிக்குள் பதினொரு குட்டிகள் போயின. இன்னொரு வருடம் இப்படிப் போனால் பட்டியை விற்கிறேன் என்று எங்களைப் பெற்ற அப்பு சொல்லிவிட்டார். பட்டியை விட்டால் தம்பிக்கு வேறு தொழில் தெரியாது.

நாய் இல்லாமல் இல்லை. வெள்ளைச்சி என்று ஒரு பெட்டை நாய். நாள் முழுக்க வெயிலில் நிற்பாள். குரைத்தால் கொடிகாமம் வரை கேட்கும். நரியைக் கண்டால் மட்டும் ஆடுகளுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்வாள்.

இணுவிலில் இராசநாயகம் என்று, மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பென்சன்காரர் ஒரு அல்சேசன் கடுவன் நாய் வளர்த்தார். வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் மாடுகளை மடக்கிச் சாய்த்துப் பழகிய நாய். ஒரு சொல்லுக்கு நிற்கும், ஒரு சொல்லுக்கு வளைக்கும். ஆனால் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. கிணற்றடி வாழைக்குள் குழி தோண்டிப் படுத்துவிடும். தம்பி அதைப் பார்த்துவிட்டு வந்து, "தாயின்ரை தோலும் தேப்பன்ரை மூளையும் ஒரு குட்டியிலை விழுந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம், அக்கா" என்றான்.

வெள்ளைச்சியும் பருவத்துக்கு வந்தாள். ஒரு கிழமைக்குள் காரியம் முடியவேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம். கலியாண வயதில் பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் இதை எப்படிப் பச்சையாகக் கேட்பது என்று தம்பி கூச்சப்பட்டான். ஒரு சம்பந்தம் கதைக்க வந்தேன் என்று மரியாதையாகச் சொல்லடா என்றேன். அந்தச் சொல் என்னுடையதுதான், நான் மறைக்கவில்லை.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் அப்படியே சொல்லியிருக்கிறான். சம்பந்தம் என்றதும் பாய் விரித்துக் கோப்பி வைத்திருக்கிறார்கள். பென்சன்காரர் ஊர் வழக்கப்படி தாய் தகப்பன் யார் என்று விசாரித்தார்.

"தாய் சாவகச்சேரிச் சந்தையடி," என்றான் தம்பி. "தேப்பன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் நல்ல குணம். இண்டைவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்லை."

பென்சன்காரர் கோப்பியைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை இப்ப எங்கை?"

"மாப்பிள்ளை உங்கடை கிணத்தடி வாழைக்குள்ளை படுத்திருக்கிறார்."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டதாம். அவருடைய மகள் பராசக்தி. அந்த நாய்க்குச் சோறு வைக்கிறவள் அவள்தான். பென்சன்காரருக்கோ கோபம். அவனைக் கோப்பியைக் கூடக் குடிக்க விடாமல் எழுப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. முன்னால் ஒரு மாமி, பின்னால் பராசக்தி, நடுவில் நாக்கைத் தொங்கவிட்டபடி அந்த அல்சேசன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து தகப்பனைச் சம்மதிக்க வைத்தாளாம்.

"அண்டைக்கு உங்களைக் கோப்பி குடிக்க விடேல்லை," என்றாள் தம்பியிடம். "அதுதான் மாப்பிள்ளையைக் கூட்டியந்தனான்."

குட்டிகள் நாலு. இரண்டு தகப்பனைப் போல நிழல் தேடிப் படுத்தன. ஒன்று தாயைப் போல ஆட்டுக்குள் ஒளிந்தது. நாலாவதுதான் தம்பியின் கணக்குக்கு வந்தது. அதற்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்தான். அடுத்த பங்குனி வரையில் ஒரே ஒரு ஆட்டுக்குட்டிதான் போனது. அதுவும் கிணற்றில் விழுந்து.

குட்டிகளைப் பார்க்கப் பராசக்தி மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் தம்பி தலை முழுகி வெள்ளை வேட்டி கட்டினான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இருவர் சாதகத்திலும் செவ்வாய். இருபத்தெட்டு வயது வரை அவளுக்கு வராத பொருத்தம் எங்கள் வீட்டில் இருந்தது. பென்சன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகவேண்டும். சின்னத்துரையையும் கூட்டிவரச் சொல்லிப் பராசக்தி ஆசைப்பட்டாள். பென்சன்காரரும் மறுக்கவில்லை. தம்பிதான் மாட்டேன் என்றான்.

"அது போனால் அப்பு பட்டியை வித்துப்போடுவார். ஆடில்லாத வளவிலை அதுக்கு என்ன வேலை?"

இதையும் இராசமலர் சந்தையில் சொல்லட்டும்.

புறப்பட்ட அன்று அவன் வாசல் படலையை நோக்கி நடக்க, சின்னத்துரை குறுக்கே ஓடிவந்து முழங்காலில் தோளைக் கொடுத்து, வழி தவறிய ஆட்டைச் சாய்ப்பது போல அவனைப் பட்டிப் பக்கம் திருப்பியது. அவன் விலகி நடந்தான். அது மறுபக்கத்தால் வளைத்தது. வண்டியில் இருந்த பராசக்தி முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் தம்பி குனிந்து, பழக்கிய அந்த ஒரு சொல்லைச் சொன்னான்.

"நில்."

அது நின்றது. அவன் படலையைத் திறந்துகொண்டு போனான்.