ஒற்றைக்கண் ராசாவுக்கு வைச்ச நேர்த்தி

என்ரை இடக்கண் மங்கினதுக்கு ஒரு சினிமாப் படம்தான் காரணம் எண்டு சொன்னால் ஆர் நம்பப்போகினம்? ஒருத்தியைத் தவிர ஆருக்கும் நான் சொல்லவுமில்லை. சொன்னால் சிரிப்பினம், சிரிச்சுப்போட்டு ஊர் முழுக்கக் கதைப்பினம். அதுதான் எழுதி வைப்பம் எண்டு கொப்பியை எடுத்தன். ஒரு கண்ணாலை வரி பிடிச்சு எழுதிறது எவ்வளவு கரைச்சல் எண்டு எழுதிப் பாத்தவைக்குத்தான் தெரியும்.

மருதனார்மடச் சந்தியிலையிருந்து உள்ளுக்கு ஒரு மைல் கட்டைத் தூரம் எங்கடை வீடு. நான் கலியாணம் கட்டேல்லை. ஏன் எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் வாயாலை நல்லாக் குடுத்திருக்கிறன், இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீடு, வெங்காயத் தோட்டம், கிணறு, நான். அண்ணை முப்பது வருசமாய் நோர்வேயிலை. அவருக்கு ஒரேயொரு பிள்ளை, மகள். என்னை மாமி எண்டு அவள் கூப்பிட்டால் காது குளிரும்.

போன வருசம் ஆடி மாசம் ரெண்டு பேரும் வந்தவை. வந்திறங்கின அண்டைக்கே அண்ணை என்னைக் குசினிக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். பிள்ளையின்ரை இருதயத்திலை ஒரு வால்வு பிறந்ததிலையிருந்தே பிழையாம். இப்ப மோசமாய்ப் போச்சுதாம். புரட்டாதியிலை அங்கை நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன்.

"தப்புவாளோ அண்ணை?" எண்டு கேட்டன்.

அவர் தட்டிலை இருந்த சீனிப் போத்திலை எடுத்து மூடியைத் திறக்கிறதும் பூட்டுறதுமாய் நிண்டார். கடைசியிலை, "அவளுக்கு எல்லாம் தெரியும். அதைப்பற்றி ஒருத்தரும் தன்னோடை கதைக்கக்கூடாது எண்டு சொன்னவள்" எண்டார். சரி எண்டு நானும் கதைக்கேல்லை. ரெண்டு கிழமையும் வாய் ஓயாமல் சாப்பாட்டைப்பற்றியே கதைச்சன். பத்தொன்பது வயசுப் பிள்ளை. படியிலை நாலு எட்டு வைச்சால் உதடு நீலம் பாயும். அதைப் பாத்தும் பாக்காத மாதிரித் திரியிறது எனக்குப் பெரிய பாடாய்ப் போச்சுது.

ஒரு நாள் மத்தியானம், "மாமி, வாங்கோ படம் பாப்பம்" எண்டு தன்ரை கொம்பியூட்டரை எங்கடை ரீவியிலை கொழுவினாள். அந்த நாட்டவையின்ரை பழைய சாமியளை வைச்சு எடுத்த படமாம். ஒரு சாமிக்குக் கையிலை சுத்தியல். எறிஞ்சால் இடி இடிக்கும். ஆள் நல்ல வாட்டசாட்டம், ஆனால் தலைமயிர் தோள் வரைக்கும்.

"உவனுக்கென்ன, உங்கடை நாட்டிலை சலூன் இல்லையோ?" எண்டு கேட்டன். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். அவள் சிரிக்கவும் பயம் எனக்கு.

சுத்தியல்காரனிலை எனக்குப் பெரிசாய் மனம் போகேல்லை. அவன்ரை தேப்பன் இருந்தானே, ராசா, கிழவன், அவனைப் பாத்துத்தான் திடுக்கிட்டன். ஒரு கண் இல்லை. மற்றக் கண்ணாலை சபையிலை இருக்கிற ஆக்களைப் பாக்கிறான், பிறகு மெல்லத் திரும்பி நேரை எங்களைப் பாக்கிறான். எங்களை எண்டு நான் சும்மா சொல்லேல்லை. அந்த நேரம் பாத்து கரண்ட் போச்சுது. ரீவி கறுத்த பிறகும் அந்த ஒரு கண் கண்ணாடியிலை கொஞ்ச நேரம் நிண்ட மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. காத்தாடி நிண்டு வீடு பொத்தெண்டு அடங்கிப் போச்சுது.

"உந்தாளுக்குக் கண்ணுக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டன்.

"அது படத்திலை வராது மாமி. பழைய கதையிலை இருக்கு. ஒரு கிணறு இருந்தது. அதுக்குக் காவல் இருந்தவன் சும்மா ஒண்டும் குடுக்க மாட்டான். ராசா தன்ரை கண்ணைப் பிடுங்கிக் கிணத்துக்குள்ளை போட்டார். போட்டபடியால் கேட்டது கிடைச்சுது. அந்தக் கண் இப்பவும் அடியிலை கிடந்து பாத்துக்கொண்டு இருக்காம்."

சொல்லிப்போட்டு அவள் மாம்பழத்தை வெட்டத் தொடங்கினாள். என்ன கிடைச்சுது எண்டு நான் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும். என்ரை அவசரப் புத்தி.

அண்டையிலையிருந்து எங்கடை கிணறு பழைய கிணறாய் இருக்கேல்லை. ஐம்பத்தைஞ்சு வருசமாய் அதிலை அள்ளிக் குளிச்சவள் நான். விடிய வாளியோடை போனால், நான் வந்ததைக் கண்டு கதையை நிப்பாட்டின ஆக்கள் மாதிரி கிணறு அப்பிடியே அமசடக்காய் இருக்கும். தவளை கத்திறது நிண்டிடும். எட்டிப் பாத்தால் என்ரை முகம் தெரியும், ஆனால் ஒரு பக்கம் எப்பவும் கப்பியின்ரை நிழல் விழுந்து கிடக்கும். முந்தியும் அப்பிடித்தான் விழுந்ததோ எண்டு எனக்கு ஞாபகமில்லை.

அவையள் திரும்பிப் போச்சினம். போகேக்கை பிள்ளை என்னைக் கட்டிப் பிடிச்சு, "அடுத்த ஆடிக்கு வாறன் மாமி" எண்டாள். அவளின்ரை நெஞ்சு என்ரை நெஞ்சிலை தட்டித் தட்டி அடிச்சது. எனக்கு விளங்கீட்டுது, சும்மா இருக்கேலாது எண்டு.

அம்மாளுக்குப் பொங்கல் நேந்தன். பிள்ளையாருக்கு மோதகம், மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை. எல்லாம் நேந்தும் மனம் ஆறேல்லை. ஏனெண்டால் வெட்டப்போறது நோர்வேயிலை. எங்கடை ஊர் அலுவல் பாக்கிற விதானையார் எழுதித் தாற கடிதம் அடுத்த விதானையாரின்ரை பகுதியிலையே செல்லாது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குள்ளை எங்கடை அம்மாள் போய் என்ன சொல்லுவா, ஆர் கேப்பினம்? அந்த நாட்டுக் காரியத்துக்கு அந்த நாட்டுச் சாமியைத்தான் பிடிக்கோணும். இதிலை என்ன பிழை எண்டு அப்ப எனக்குத் தெரியேல்லை. இப்பவும் முழுக்கத் தெரியேல்லை.

கண் வருத்தக்காரர் அம்மாள் கோயிலுக்கு வெள்ளியிலை கண்மலர் செய்து குடுக்கிறது எங்கடை வழக்கம். ரெண்டு கண், சோடியாய்த்தான் விப்பினம். யாழ்ப்பாணம் போய் ஒரு நகைக்கடையிலை ஒண்டு தாங்கோ எண்டு கேட்டன். "அக்கா, ஒண்டாய்க் குடுக்கிறேல்லை, ஒருத்தரும் ஒண்டு வாங்கிறேல்லை" எண்டான். வாக்குவாதப்பட்டு ஒண்டுதான் வாங்கினன். மற்றதை அவன் மேசையிலை கவிழ்த்து வைச்சான்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள், உச்சி வெயில் நேரம், கிணத்துக்கட்டிலை நிண்டு சத்தமாய்ச் சொன்னன். தமிழிலைதான் சொன்னன், எனக்கு வேறை என்ன பாசை தெரியும்? "ராசா, இது அடையாளம். பிள்ளை பிழைச்சால் என்ரை இடக்கண்ணை எடுத்துக்கொள்." சொல்லிப்போட்டு வெள்ளியைப் போட்டன். சின்னச் சாமானெண்டாலும் குளுக் எண்டு ஒரு சத்தம் வரோணுமே. காதைக் குடுத்துப் பாத்தன். சத்தம் வரேல்லை. தண்ணி அசையவுமில்லை. வாளியையும் விட்டுப்போட்டு வீட்டுக்குள்ளை ஓடி வந்திட்டன்.

அடுத்த நாள் இரவு அண்ணை ரெலிபோன் எடுத்தார். ஒன்பது மணித்தியாலம் பிடிச்சதாம். இடையிலை ஒருக்கால் இருதயம் திரும்ப அடிக்க மாட்டன் எண்டு நிண்டதாம், டொக்டர்மார் கைவிடப் பாத்தவையாம், பிறகு தன்பாட்டிலை அடிக்கத் தொடங்கிச்சுதாம். பிள்ளை தப்பீட்டாள். நான் நிலத்திலை இருந்து குழறி அழுதன். பொங்கினன், மோதகம் அவிச்சன், வடைமாலை சாத்தினன். ஒற்றைக்கண்ணருக்கு மட்டும் ஒண்டும் செய்யேல்லை. அவர் தன்ரை பங்கை எடுப்பார்தானே எண்டு இருந்தன்.

எடுத்தார். தை மாசம் தோட்டத்திலை வெங்காயம் கிண்டேக்கை, இடப்பக்க வரம்பு புகை மூட்டமாய்த் தெரிஞ்சுது. ஆரோ குப்பை கொளுத்தினம் எண்டு நினைச்சு ஏசப் போனன். புகை ஒண்டுமில்லை. வலக்கண்ணைப் பொத்தினால் உலகம் முழுக்கப் பாலாய்க் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலை ஒரு டொக்டர்ப் பிள்ளை லைற் அடிச்சுப் பாத்திட்டு, "கண்புரை அம்மா. சின்ன ஒப்பரேசன், அண்டைக்கே வீட்டை போகலாம்" எண்டாள். பிறகு வலக்கண்ணைப் பாத்தாள், இன்னொருக்கால் பாத்தாள். "வழக்கமாய் ரெண்டிலையும் வாறது. உங்களுக்கு இது கண்ணாடி மாதிரிச் சுத்தமாய் இருக்கு" எண்டாள். அவள் சந்தோசமாய்த்தான் சொன்னவள். நான் உடனை எழும்பீட்டன்.

கிளினிக் காட் எண்ட அட்டையிலை திகதி எழுதித் தந்தினம். போகேல்லை. ரெண்டாம் திகதியும் போகேல்லை. குடுத்ததை எப்பிடித் திருப்பி எடுக்கிறது? நான் கண்ணைச் சுகப்படுத்த, அங்கை அவளின்ரை நெஞ்சு நிண்டால்? கண்ணைப்பற்றிக் கேட்ட அண்ணைக்கு, டொக்டர் லீவு எண்டு பொய் சொல்லி, பிள்ளைக்குத் தெரியவேண்டாம் எண்டன்.

இந்த ஆடிக்கு அவள் தனிய வந்தாள். சதை பிடிச்சு, முகம் மினுங்கி, கேற்றடியிலையிருந்து ஓடி வந்தாள். ஓடி! சட்டைக் கழுத்துக்கு மேலாலை தழும்பின்ரை நுனி தெரிஞ்சுது. பாத்துப் பாத்து எனக்கு ஆசை அடங்கேல்லை.

மூண்டாம் நாள், அவளுக்குத் தேத்தண்ணி ஊத்தேக்கை கோப்பைக்கு வெளியாலை ஊத்திப்போட்டன். அவள் என்ரை முகத்தைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கிளினிக் காட்டைத் தேடி எடுத்தாள். இனி ஒளிக்க ஏலாது எண்டு எல்லாத்தையும் சொன்னன். முதல் சிரிச்சாள். பிறகு அழுதாள். பிறகு எனக்கு விழுந்த ஏச்சு, என்ரை அம்மா கூட அப்பிடி ஏசினதில்லை.

"மாமி, அது சினிமா! கதையிலைகூட அந்தாள் கண்ணைக் குடுத்தது அறிவு வேணும் எண்டு. ஒருத்தரையும் காப்பாத்த இல்லை. தன்ரை சொந்த மகன் செத்ததைக்கூட அவராலை தடுக்கேலாமல் போச்சு. உங்களுக்கு விசரோ?"

"விசர்தான்" எண்டன்.

"சரி. கிணறு இறைப்பம். அந்த வெள்ளியை எடுத்து உங்கடை கையிலை தாறன். திருப்பி வாங்கியாச்சு, கணக்கு முடிஞ்சுது. திங்கட்கிழமை உங்களை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

வெயில் காலத்திலை கிணறு இறைச்சுச் சேறு அள்ளுறது எங்கடை பக்கம் வருசா வருசம் செய்யிறதுதான். வெள்ளிக்கிழமை ரெண்டு பேர் மிசினோடை வந்தினம். மத்தியானத்துக்கிடையிலை தண்ணி வத்தி அடிக்கல்லு வெள்ளையாய்த் தெரிஞ்சுது. சேறு முழுக்க வாளி வாளியாய் மேலை வந்தது. பிள்ளை தறப்பாளை விரிச்சு முழங்காலிலை இருந்து கையாலை பிசைஞ்சு பாத்தாள். அறுந்த வாளிக் கொளுக்கி வந்தது, ரெண்டு சில்லறை, ஒரு கிறிக்கெற் பந்து, அப்பாவின்ரை சவரக் கத்தி. எல்லாத்தையும் அரிதட்டிலை போட்டு ரெண்டாம் தரமும் அரிச்சாள். வெள்ளிக்கண் இல்லை.

"ஊத்து வெடிப்புக்குள்ளை போயிருக்கும் அக்கா" எண்டான் உள்ளை இறங்கினவன். "அப்ப வெடிப்புக்குள்ளை கையை விட்டுப் பாருங்கோ" எண்டு பிள்ளை கத்தினாள். "கை போகாது தங்கச்சி, விரலே போகாது. நூல் மாதிரி வெடிப்பு."

அவன் ஏறி வந்த பிறகு அவள் கிணத்துக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு பாத்தாள். தண்ணி திரும்ப ஊறத் தொடங்கியிருந்தது. கன நேரம் பாத்தாள். என்னத்தைக் கண்டாளோ எனக்குத் தெரியாது, நான் கேக்கவுமில்லை. நிமிரேக்கை அவளின்ரை சேத்துக் கை நெஞ்சுத் தழும்பிலை இருந்தது. அவ்வளவு நேரமும் சிரிச்சு, ஏசி, கத்தின பிள்ளை, அதுக்குப் பிறகு திங்கட்கிழமை எண்ட கதையையே எடுக்கேல்லை. கையைக் கழுவிப்போட்டுப் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை போச்சுது. ஞாயிறு பின்னேரம் நான் சீலையை மடிச்சு வைச்சன், காட்டை எடுத்து மேசையிலை வைச்சன். அவள் எதிரை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விடிய ஏழு மணிக்கு ஓட்டோவுக்குச் சொல்லட்டோ பிள்ளை?" எண்டு கேட்டன். போங்கோ மாமி, உந்த விசர்க் கதையெல்லாத்தையும் விட்டுப்போட்டு வாங்கோ போவம் எண்டு அவள் சொல்லோணும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் ஆறு மாசமாய்ப் பாத்துக்கொண்டு இருந்தனான் எண்டு அந்த நேரம்தான் எனக்கே விளங்கிச்சுது.

அவள் காட்டைப் பாத்தாள். என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

"உங்களுக்கு வலக்கண் நல்லாத் தெரியுதுதானே மாமி?" எண்டு கேட்டாள்.

"ஓம் பிள்ளை" எண்டன். "நல்லாத் தெரியுது."