ஆறு குழாயும் பதினெட்டுக் கையெழுத்தும்

காலை ஐந்தே முக்காலுக்குப் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். சுங்குவார்சத்திரம் வரை ஆளுக்கு ஐந்தரை ரூபாய். நான் என் டிக்கெட்டோடு சேர்த்து இங்க்ரிட் அம்மாளுக்கும் எடுத்தேன். அவர் உடனே சரியாக ஐந்தரை ரூபாயை எண்ணி என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அன்று முழுக்க அவர் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது. அது அவருடைய அலுவலக விதி.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பனி பெய்யும் தேசத்துக்காரர். ஆறடி உயரம், அதனால் முழங்கால் முன்சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. நான் மயிலாப்பூரில் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். அன்றைக்கு மட்டும் அவருக்கு மொழிபெயர்ப்பாளன்.

விஷயம் இதுதான். அவர்கள் தேசம் நம் கிராமங்களில் அடிபம்பு போடப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் வருகிற வழியில் கசிகிறதென்று தெரிந்ததும், கசிவைப் பிடிக்கவும் தனியாகப் பணம் கொடுக்கிறது. கிராமத்தார் யார் வேண்டுமானாலும் சென்னையிலிருக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். எழுதினால் இங்க்ரிட் அம்மாள் நேரில் வருவார். ஓட்டைக் குடத்துக்கு அடியில் இன்னொரு குடம் வைக்கிற கதை என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

எஸ்தர் என்ற பால்வாடி ஆசிரியை எழுதியது. அவர்கள் காலனியில் போட்ட பம்புக்கு நூற்றிருபது அடிக்குக் குழாய் இறக்கியதாகப் பலகை சொல்கிறது. உண்மையில் அறுபது அடிதான் இறங்கியிருக்கிறது. மீதியைக் காண்ட்ராக்டர் விழுங்கிவிட்டார். பங்குனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடிதத்தின் அடியில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. நேரில் அறிந்தவர்கள் இன்னும் பத்துப் பேராவது எழுதிக் கொடுத்தால்தான் புகார் மேலே போகும் என்றார் இங்க்ரிட் அம்மாள். பூனைக்கு மணி கட்டப் பத்துப் பேர் வேண்டுமாம். நம் ஊரில் ஒருவர் கிடைத்ததே பெரிது என்று எனக்குத் தோன்றியது.

ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர். மே மாதத்துக் கொலைக்குப் பிறகு அந்தப் பெயர் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பஸ் நின்றபோது எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நடத்துனர் விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது. அப்புறம் இரண்டு பக்கமும் வயல், வற்றிய ஏரி, வேலிக்காத்தான். ஆடிக் காற்று சிவப்புப் புழுதியை அள்ளி வந்து எங்கள் மேல் கொட்டியது.

ஏழரைக்குச் சுங்குவார்சத்திரத்தில் இறங்கினோம். எஸ்தர் டீக்கடை வாசலில் காத்திருந்தார். முப்பது வயது, வெளிர்நீலப் புடவை, கையில் குடை. விருந்தாளிகளைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று முந்தின நாள் மத்தியானமே வந்து அங்கே அக்கா வீட்டில் தங்கிவிட்டாராம்.

"டீ சாப்டுங்க சார். மேடத்துக்கு சக்கரை போடலாமா?"

மேடம் தன் டீக்குத் தானே ஒரு ரூபாய் கொடுத்துவிட்டார். எஸ்தரின் முகம் சுண்டிப்போனது. நான் விதியை விளக்கினேன்.

"ஒரு டீ கூடவா லஞ்சம்?" என்றார் எஸ்தர்.

"அவங்களுக்கு அப்படித்தான்மா."

"அப்ப சரி. அவ்ளோ நேர்மையா இருந்தா எனக்குத்தான் நல்லது."

எட்டேகாலுக்கு வாலாஜாபாத் டவுன் பஸ். ஐந்து கிலோமீட்டருக்கு எழுபத்தைந்து பைசா. பிறகு ஏரிக்கரை மேல் இரண்டு கிலோமீட்டர் நடை. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. நடக்கும்போது எஸ்தர் தன் கவலையைச் சொன்னார்.

"கன்னியப்பன் அண்ணன்தான் எங்க ஊர் பம்பு மெக்கானிக். வாஷர் மாத்தறதுக்குக் கழட்டுனப்ப நானும் அவரும் எண்ணுனோம். பத்தடிக் குழாய் ஆறே ஆறுதான் இருந்துச்சு. அவரு கையெழுத்துப் போட பயப்படறாரு. ரிப்பேர் வேலையெல்லாம் அந்தக் காண்ட்ராக்டர்தான் குடுக்கறாரு. நான் ஒருத்திதான் போட்டேன். இது பொய்ப் புகார்னு போயிடுச்சின்னா பால்வாடி வேலைய எடுத்துடுவேன்னு அந்தாளு ஆளுவிட்டுச் சொல்லிக்கினு இருக்காரு. ரெண்டு பசங்க சார் எனக்கு."

இங்க்ரிட் அம்மாளுக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் நடையை எட்டிப் போட்டார்.

காலனிக்குள் நுழையும்போது ஒன்பதரை மணி. எங்களுக்காக ஊரே குளித்துவிட்டு நின்றிருந்தது. மாதா கோயிலிலிருந்து நாலு மடக்கு நாற்காலி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ எஞ்சிய ஜமுக்காளம், பம்பைச் சுற்றி மாக்கோலம். நடுவில் கன்னியப்பன். கட்டை குட்டையான மனிதர், வெள்ளைச் சட்டை, வாய் முழுக்கச் சிரிப்பு. கையில் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு.

"வாங்கம்மா, வாங்க! மொதல்ல நம்ம ஊர் தண்ணி ஒரு வாய் குடிங்க. அப்பால பேசலாம்."

சொல்லிவிட்டுப் பம்பை அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடிக்குத் தொடை கனத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது.

எஸ்தரின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

இங்க்ரிட் அம்மாள் தண்ணீரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார். சொம்பை நீட்டிய கன்னியப்பனிடம் தலையசைத்து மறுத்தார். மனிதர் முகம் வாடியதை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வாங்கி நான் குடித்தேன். மொழிபெயர்ப்பாளன் வேலையில் அதுவும் அடக்கம். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

"அண்ணே, இது எப்படிண்ணே?" எஸ்தர் குடையை எடுத்துக்கொண்டு பம்புக்கு அருகில் வந்தார். "நேத்து காலைல கூட காத்துதானே வந்துச்சு?"

"அப்பால சொல்றேன் தங்கச்சி. விருந்தாளி எதிர்ல இன்னாத்துக்கு?" என்று கன்னியப்பன் கண்ணைக் காட்டினார்.

கூடியிருந்தவர்களிடம் இங்க்ரிட் அம்மாள் என் மூலம் கேட்டார். தண்ணீர் எப்போதிலிருந்து வருகிறது? ஒருவர் மண்ணைப் பார்த்தார், ஒருவர் மரத்தைப் பார்த்தார். "வர்துங்க" என்றார் ஒரு பெரியவர், அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிக் கேட்டும் அவ்வளவுதான். இங்க்ரிட் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். பம்பு நன்றாக வேலை செய்கிறது, புகாருக்கு ஆதாரம் இல்லை என்று இரண்டே வரி. ஒப்புக்கொள்கிறேன், நானும் அந்த நேரத்தில் எஸ்தரைச் சந்தேகப்பட்டேன். காண்ட்ராக்டர்மேல் வேறேதாவது பழைய கோபமோ என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எஸ்தர் அழவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குடையை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணிக்கு ஏரிக்கரை மேல் ஒரு வரிசை தெரிந்தது. பதினைந்து இருபது பெண்கள், ஆளுக்கொரு காலிக் குடம். முன்னால் வந்த அம்மாளின் தோளில் குடத்துக்குப் பதிலாக முழ நீளத்துக்கு ஒரு ஸ்பானர். அவரைப் பார்த்ததும் கன்னியப்பன் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"யாரு அது?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"முனியம்மா அத்தை. ஏரிக்கு அந்தாண்ட ஊரு. கன்னியப்பன் அண்ணனுக்கு மாமியார்."

முனியம்மா நேராகப் பம்படிக்கு வந்து ஸ்பானரைத் தரையில் ஊன்றினார்.

"இன்னா மாப்ள, மணி இன்னா ஆவுது? ஒம்போது மணிக்கு வெள்ளக்காரம்மா வர்து, பத்து மணிக்குக் கொழாய குடுத்துடறேன்னு சொன்னீங்களே. காலைலேர்ந்து எங்க ஊர்ல ஒருத்தி அடுப்பு பத்த வெக்கல. சொட்டுத் தண்ணி இல்ல."

"அத்தே, கொஞ்சம் மெதுவா..."

"இன்னாத்துக்கு மெதுவா? கல்யாணத்துக்கு அண்டா கேட்டீங்க, குடுத்தோம். பந்தலுக்கு ஓலை கேட்டீங்க, குடுத்தோம். நேத்து சாயங்காலம் வந்து பம்பையே கழட்டி ஆறு கொழாய் கேட்டீங்க. மாப்ளயாச்சேன்னு அதயும் குடுத்தேன். திருப்பிக் குடுக்கற வழியக் காணோமே!"

அப்போதுதான் எனக்கு மூளையில் உறைத்தது. எஸ்தர் சுங்குவார்சத்திரம் போன பின்னால், இந்த ஊர் ஆண்கள் ஏரிக்கு அக்கரைப் பம்பிலிருந்து ஆறு குழாயை இரவல் வாங்கிவந்து தங்கள் பம்பில் சேர்த்து இறக்கியிருக்கிறார்கள். குழாய் நீண்டது, தண்ணீரைத் தொட்டது. காண்ட்ராக்டர் விழுங்கிய அறுபது அடியை இவர்களே இட்டு நிரப்பி, அவரை யோக்கியனாக்கிவிட்டார்கள்!

இங்க்ரிட் அம்மாளுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அவர் கேட்டார். எஸ்தர் எழுந்து வந்து அதையே கன்னியப்பனிடம் கேட்டார், கேட்டது கொஞ்சம் பலமாகவே இருந்தது.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "இல்ல தங்கச்சி, அம்மாம் தொலைவுலேர்ந்து ஒரு அம்மா வர்து. வந்தவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கூட இல்லாத ஊருன்னு எப்படிக் காட்டறது? மானம் போயிடுமே. காமிச்சிட்டுக் கழட்டிடலாம்னு பாத்தோம். அந்தம்மா ஒக்காந்து எழுத ஆரம்பிக்கும்னு யாரு கண்டா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே விருந்தாளிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் பிடிக்கப்போய் எஸ்தரின் வேலை போவதில் முடிய இருந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடேயே கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

இங்க்ரிட் அம்மாள் தான் எழுதிய இரண்டு வரியையும் அடித்தார். வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும் என்றார். பிறகு முனியம்மாவைக் காட்டி ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். அந்த ஆறு குழாயும் உங்களுடையது என்று எழுதித் தருவீர்களா?

"ஏன் தர மாட்டேன்?" என்றார் முனியம்மா. "எங்க கொழாய எங்க கொழாய்னு சொல்றதுக்கு எவனுக்குப் பயப்படணும்? எடு பேப்பர!"

நான் எழுதினேன். இந்தப் பம்பில் இப்போதுள்ள பன்னிரண்டு குழாயில் ஆறு எங்களுடையவை, அவற்றின் கழுத்தில் எங்கள் ஊர் பச்சைப் பெயின்ட் இருக்கிறது, இவர்கள் பம்பில் முன்னால் இருந்தது ஆறே குழாய்தான். உரக்கப் படித்துக் காட்டினேன். முனியம்மா கைநாட்டு வைத்தார். பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையெழுத்தும் கைநாட்டுமாகப் பதினேழு போட்டார்கள், முனியம்மாவோடு பதினெட்டு. காண்ட்ராக்டருக்கு எதிராகப் போடச் சொல்லியிருந்தால் ஒரு விரல் நீண்டிருக்காது. குழாயைத் திரும்ப வாங்க என்றதும் வரிசையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. அன்றைக்குக் கொண்டாட்டம் நியாயத்துக்கு.

"மாப்ள, நீங்களும் போடுங்க. ஆறுதான் இருந்திச்சி, ஆறு வாங்கினேன்னு" என்றார் முனியம்மா.

கன்னியப்பன் காண்ட்ராக்டரை நினைத்தாரோ என்னவோ, பேனாவை வாங்கத் தயங்கினார்.

"போடலன்னா எங்க கொழாய நீங்க தூக்கிக்கினு வந்ததா ஆவும். அப்பறம் எம் பொண்ணு எங்க வூட்டுக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு வரும்?"

கன்னியப்பன் எஸ்தரைப் பார்த்தார். பேனாவை வாங்கி, முழுப் பெயரும் அப்பா பெயரும் சேர்த்து, அழுத்தமாகப் போட்டார். அது பத்தொன்பதாவது கையெழுத்து என்று இங்க்ரிட் அம்மாள் எண்ணிச் சொன்னார். எஸ்தர் திருத்தினார். "அது எங்க ஊர் கையெழுத்து மேடம். என்னோட சேத்து ரெண்டுன்னு தனியா எழுதிக்குங்க." அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

குழாயைக் கழற்ற ஸ்பானரை எடுத்தபோது முனியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்கடி. இந்த ஊர் பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு கொடம் புடிச்சிக்கட்டும். நாம ஒரு கொடம். அப்பறம் கழட்டலாம்."

தாங்கள் காலையிலிருந்து காய்ந்து கிடந்தும் மற்றவர்களுக்கு இரண்டு, தங்களுக்கு ஒன்று! இங்க்ரிட் அம்மாளுக்கு இதைச் சொன்னதும் அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பம்பின் கைப்பிடியைப் பிடித்தார். வாங்குவதற்குத்தான் விதி, அடித்துக் கொடுப்பதற்கு விதி எதுவும் இல்லை. ஆறடி மனுஷி, அடிக்கு அரைக்குடம் நிறைந்ததாகப் பெண்கள் கேலி செய்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அவர் உள்ளங்கை சிவந்துவிட்டது.

இரண்டு மணிக்குக் குழாயெல்லாம் வெளியே வந்து வரிசையாகத் தரையில் கிடந்தது. பன்னிரண்டு. ஆறின் கழுத்தில் பச்சை. இங்க்ரிட் அம்மாள் படம் எடுத்துக்கொண்டார். பச்சைக் கழுத்துக் குழாய்களை இரண்டு ஊர் ஆண்களும் சேர்ந்து தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை ஏறினார்கள். மீதி ஆறைத் திரும்ப இறக்கியபின் கன்னியப்பன் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். காற்றுதான் வந்தது. "நாளைக்கு எங்க ஊராண்ட வந்து புடிச்சிக்கங்க மாப்ள" என்று முனியம்மா கரைமேலிருந்து கத்தினார்.

நாலு மணிக்குச் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினோம். வரும்போதிருந்த அதே கட்டணம், நிற்க இடம் கிடைத்தது. இனிமேல் வருகிற தேதியை ஊருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று ஒரு புது விதி எழுதப்போவதாக இங்க்ரிட் அம்மாள் சொன்னார். சொல்லாமல் போனால் முனியம்மாவும் வரமாட்டார், பதினெட்டுக் கையெழுத்தும் வராதே என்றேன்.

இதை எழுதும்போது எஸ்தரின் தபால் கார்டு வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் புதுக் குழாய் ஆறு கொண்டுவந்து, தானே நின்று இறக்கிவிட்டுப் போனாராம். பால்வாடி வேலைக்கு ஆபத்தில்லை. கன்னியப்பன் அண்ணன் பன்னிரண்டு குழாய்க்கும் நீலப் பெயின்ட் அடித்துவிட்டார் என்றும், அடுத்த தடவை வந்தால் மேடம் ஒரு வாயாவது குடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

எங்கள் தெரு முனையிலும் ஒரு அடிபம்பு இருக்கிறது. மூன்று மாதமாக அடித்தால் காற்றுதான். தண்ணீர் லாரி அவரவர் வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதலாக நிற்பதற்கு டிரைவருக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறோம், நான் உட்பட, ஒருவருக்கொருவர் தெரியாமல். கார்டைப் படித்துவிட்டு உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அதன் கீழே இன்னும் பத்துப் பேருக்கு இடம் விட்டேன். யாரிடம் போய்க் கேட்பது? பதினோரு வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறோம். யாரும் யாருக்கும் ஒன்றும் இரவல் கொடுத்ததில்லை. திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டதும் இல்லை.

ஒரு டம்ளரை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். "எதிர்வீட்டில் கொஞ்சம் சர்க்கரை இரவல் வாங்கிண்டு வா."

"நம்ம வீட்டிலேயே இருக்கே" என்றாள்.

"இருக்கட்டும். போய் வாங்கிண்டு வா."