பெரிய நாடு கையில் மைக்

அவர் என்னைக் கண்டதும் குடையை ஏன் அந்தப் பக்கமாகச் சாய்க்கிறார் என்றுதானே கேட்கிறாய்? வெயிலுக்காக இல்லையடி. வெயில் இந்தப் பக்கம்தான் அடிக்கிறது. என் முகத்தைப் பார்க்கக் கூடாது, அதற்காக. ஏழெட்டு வருடமாக அப்படித்தான் சாய்க்கிறார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்கிறது. நீ இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? உட்கார். அந்தக் கீரையை இப்படிக் கொடு, ஆய்ந்துகொண்டே சொல்கிறேன்.

அவர் தெற்கத்திக்காரர். ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸில் இருந்தவர், என் கொழுந்தனிடம் மனை வாங்கி எனக்குப் பக்கத்தில் வீடு கட்டினார். நல்ல உயரம், வெண்கலக் குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சும்மா இருக்க முடியுமா? மன்றம் ஒன்று ஆரம்பித்துவிட்டார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி, நம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறை. வெளியிலிருந்து படித்தவர் யாராவது வந்து பேசுவார். எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் சண்டை, யார் பக்கம் நியாயம், அறம் என்றால் என்ன, எல்லாம் பேசுவார். இவர் செயலாளர்.

முதல் மாதம் குவார்ட்டர்ஸ் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர்தான் வந்தார்கள். பேச வந்தவர் காலி பெஞ்சைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். அடுத்த மாதம் இவரே தெருவில் இறங்கினார். "வாங்கம்மா, வந்து உக்காருங்க. முடிஞ்சதும் சுண்டல் உண்டு" என்று வீடு வீடாகக் கூப்பிட்டார். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் போனோம். சுண்டலுக்காகத்தான் போனேன், பொய் சொல்வானேன்? ஆனால் இரண்டே கூட்டத்தில் எனக்குப் பேச்சு ருசித்துவிட்டது. குழாயடிச் சண்டையில் யார் முதலில் குடத்தை நகர்த்தியது என்று கடைசிவரை தெரியாது. இங்கே நூறு வருடத்துக்கு முன்னால் யார் குடத்தை நகர்த்தினான் என்பதிலிருந்து சொல்கிறார்கள்!

ஒருவர் சொன்னார், உலகத்து நாடுகள் எல்லாம் கூடி உட்காரும் சபை ஒன்று உண்டாம். அதில் ஐந்து நாடுகள் மட்டும் பெரியவையாம். அந்த ஐந்தில் ஒன்று "முடியாது" என்றால் மற்ற எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் காரியம் நடக்காதாம். நான் ஒரே ஒரு மாமியாரோடு பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவள். ஒரே வீட்டில் ஐந்து மாமியாரா! உலகம் உருப்படாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

அந்தச் சமயத்தில்தான் அவர் வேலி நடக்க ஆரம்பித்தது.

என் மாட்டுக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால். அங்கிருந்து தெருவுக்கு வர, என் வீட்டுக்கும் அவர் மனைக்கும் நடுவில் இருக்கும் சந்து ஒன்றுதான் வழி. என் மாமனார் காலத்தில் இரண்டு மாடுகள் உரசாமல் போகும். முதலில் முள்வேலி போட்டார், ஒரு முழம் போயிற்று. வேலியை எடுத்துவிட்டுச் சவுக்குக் கட்டை நட்டார், இன்னொரு முழம். கட்டையை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்தார், ஒரு மாடு ஒடுங்கிப் போகிற இடம்தான் மிச்சம். நிலம் அளந்தவர்கள் நட்ட அளவுக்கல் ஒன்று எல்லையில் நின்றுகொண்டிருந்தது. தலை தட்டையான கல். முள்வேலி வந்தபோதே அது வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. சுவர் வந்தபோது அவர் வீட்டில் துணி துவைக்கிற கல் ஆயிற்று.

போய்க் கேட்டேன். "இன்னா சார், உங்க வேலிக்கு காலு கீதா? நடந்துகினே வருது?"

"அம்மா, வேலி அப்படியேதான் இருக்கு. உங்க மாடுதான் பெருத்துடுச்சு."

மாடு பெருத்ததாம்! சினையாக இருந்தால் பெருக்காதா? ஏழு மாதச் சினை. வெளியே ஓட்டும்போது இரண்டு பக்கமும் வயிறு சுவரில் தேய்ந்து, ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து கிடந்தது. தினமும் மஞ்சள் குழைத்துப் போட்டேன்.

ஊர்ப் பெரியவரிடம் போனேன். எனக்கு அண்ணன் முறை. "அண்ணாத்தே, நீ வந்து ஒரு வார்த்த கேளு" என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அவுரு படிச்ச மனுசன் மா. ஒலகத்து நாயத்தையே பேசுறாரு. அவுரு போய் உன் சந்தைத் தின்னப் போறாரா? உட்டுத் தள்ளு" என்றார். மாங்காட்டு அம்மனிடம் ஆறு வாரம் போய், மழை அடித்து அந்தச் சுவர் விழ வேண்டும் என்று கேட்டேன். மழை அடித்தது. என் கொட்டகைக் கூரை விழுந்தது. அம்மனுக்கு எந்த வீடு என்று குழப்பம் வந்திருக்கும், பாவம்.

அதற்கு நடுவில் வளைகுடாவில் ஒரு நாடு பக்கத்து நாட்டுக்குள் புகுந்துகொண்டது. மண்ணெண்ணெய் வரிசை தெருமுனைவரை நீண்ட சமயம். மன்றத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. பேச வந்தவர், "அடுத்தவன் எல்லைக்குள் கால் வைப்பவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் திருடன்தான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கையைத் தூக்கினேன்.

செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேள்வியைத் துண்டுச் சீட்டுல எழுதித் தரணும்மா. எழுதத் தெரியாதவங்க சுண்டல் வாங்கிட்டுப் போகலாம், தப்பில்ல."

அறை முழுக்கச் சிரித்தது. என்னோடு வந்த பெண்களும் சிரித்தார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஊருக்கே தெரியும், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் மைக்கில் சொன்னாரே! அந்தச் சிரிப்பு பல்லிடுக்கில் மாம்பழ நார் சிக்கின மாதிரி எனக்குள் நின்றுவிட்டது. சந்து திரும்பி வந்தால் மட்டும் போதாது, இந்த ஆள் இதே அறையில் இதே மைக்கில் தலை குனிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அன்று சுண்டல் வாங்கவில்லை. பட்டாணிச் சுண்டல் வேறு.

சினை ஒன்பது மாதம் ஆயிற்று. சென்னீர்குப்பத்திலிருந்து மாட்டுத் தரகர் வந்தார். சந்தில் மாடு சிக்கி முக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இன்னும் பத்து நாளு போனா இத்த வெளியவே ஓட்ட முடியாது. உள்ளயே நின்னுகினு கஷ்டப்படும். அமாவாசைக்குள்ள குட்த்துடு, நான் ஓட்டிகினு போறேன்" என்றார். சரியென்று சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது? நான் கன்றாக வாங்கி வளர்த்த மாடு அது.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கச் சாணி வாங்க அந்தச் செயலாளருடைய மனைவி வந்தாள். நான் மாட்டின் விலாவில் மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அந்தச் சிவந்த தோலைப் பார்த்தாள்.

"இத விக்கப் போறீகளாமே அக்கா?"

"வேற இன்னா பண்றது மா? உன் ஊட்டுக்காரரு செவுரு இதும் வயித்துல குத்துது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் கல்லுல அம்புக்குறி இருக்கு. தினமும் அதுலதான் துவைக்கேன். அவுககிட்ட சொன்னேன், இது எல்லைக் கல்லுல்லா, தப்புல்லான்னு. அடுப்படிய மட்டும் பாருன்னுட்டாக."

"நான் அந்த மைக்குல ஒரு கேள்வி கேக்கணும் மா. எனக்கு எய்தத் தெரியாது."

"நான் எழுதித் தாரேன்" என்றாள் சட்டென்று. "ஆனா ஒண்ணு. அவுக மொகத்த முன் வரிசையில உக்காந்து நான் பாக்கணும். ரெண்டு வருசமா சுண்டல் அவிக்கேன், ஒரு கூட்டம் கேட்டதில்ல."

அடி, அவள் அதைச் சொன்னபோது அவள் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சந்துதான் போயிற்று. அவளுக்கு என்னென்ன போயிற்றோ.

நான் சொல்லச் சொல்ல அவள் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்தாள். படித்துக் காட்டினாள். மாடு மிரளும்படி இருவரும் சிரித்தோம்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டுகளைத் தாம்பாளத்தில் போட வேண்டும். செயலாளர் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் படிப்பார். மாதாமாதம் அதற்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: "வர்ற எந்தச் சீட்டையும் மறைக்க மாட்டோம். நான்கூட முன்னாடியே பார்க்க மாட்டேன். ஒரு எழுத்து விடாம முழுசாப் படிப்பேன். அதுதான் இந்த மன்றத்தோட அறம்." அந்த அறத்தை நம்பித்தான் நான் போனேன்.

அன்று பேச வந்தவர் வயதானவர். டெல்லியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கையில் தடி, கண்ணாடி சோடாபுட்டி. சின்ன நாடுகளின் உரிமை என்று ஒரு மணி நேரம் பேசினார். முன் வரிசையில் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் செயலாளர் 'சுண்டல்?' என்று கையாலேயே கேட்டார். 'ஆயிற்று' என்று அவளும் கையாலேயே சொன்னாள்.

நாலாவதாக எடுத்தது என் சீட்டு. வெண்கலக் குரலில் ஆரம்பித்தார்.

"ஐயா, ஒரு பெரிய நாடு பக்கத்தில் உள்ள சின்ன நாட்டின் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. கேட்டால், வேலி நகரவில்லை, உன் மாடுதான் பெருத்துவிட்டது என்கிறது…"

குவார்ட்டர்ஸ் ஆட்கள் சிரித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை, எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கிற்று. சீட்டை மடிக்கப் போனார்.

"முழுசாப் படிங்க" என்றார் பேச வந்த பெரியவர். பின்னாலிருந்து யாரோ, "ஒரு எய்த்து உடாம, சார்!" என்று கத்தினான்.

படித்தார். வேறு வழி? "எல்லைக் கல் இப்போது பெரிய நாட்டின் கொல்லையில் இருக்கிறது. பெரிய நாட்டின் மனைவி அதில் தினமும் துணி துவைக்கிறாள். சின்ன நாடு என்ன செய்ய வேண்டும்?"

கூரைத் தகடு அதிரும்படி சிரிப்பு. அவர் அந்தப் பென்சில் எழுத்தை உற்றுப் பார்த்தார், பிறகு முன் வரிசையைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேள்வி கேட்டவர் எழுந்து நிக்கலாமா?" என்றார் பெரியவர்.

எழுந்தேன். "நான்தாங்க."

"சின்ன நாடு நீங்களா அம்மா?"

"ஆமாங்க. பெரிய நாடு மைக்கப் புட்சிகினு நிக்குது."

எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று தெரியாது. முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அதே வாய்கள். எண்ணிப் பார்த்துக்கொண்டேன், ஒன்றுகூடக் குறையவில்லை. செயலாளர் தலை மெல்லக் குனிந்தது. நான் உட்காரவே இல்லை. கண் நிறையப் பார்த்தேன்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டார். "பதில் சொல்றதுக்கு முன்னாடி கல்லைப் பார்க்கணும். வெளிச்சம் இருக்கு, வாங்க" என்றார். மொத்தக் கூட்டமும் எழுந்து தெருவில் நடந்தது. அந்த ஊர்ப் பெரியவரும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கல்லின் மேல் செயலாளருடைய வேட்டி ஈரமாகக் கிடந்தது. பெரியவர் கைத்தடியால் வேட்டியை ஒதுக்கி, குனிந்து அம்புக்குறியைத் தடவினார். "கல் பொய் சொல்லாது, செயலாளரே" என்றார். ஊர்ப் பெரியவர்தான் துள்ளினார்: "நான் அன்னிக்கே சொன்னேன்ல, இது தப்பு சார்னு!" எப்போதடா சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தேன், காரியம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே மேஸ்திரியை அழைத்துவருவதாகச் செயலாளர் சொன்னார். "மேஸ்திரி வோணாம். நாளு நாளா நகுத்தனது நீங்கதான? நீங்களே எடுங்க" என்றேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. லீவு போட்டார். பனியனோடு கடப்பாரை பிடித்துக் காலையிலிருந்து இடித்தார். நான் முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். சமைக்கவில்லை, துணி துவைக்கவில்லை. ஒவ்வொரு செங்கல்லும் விழ விழ எனக்குச் சோறு தின்ற மாதிரி இருந்தது. மத்தியானம் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கை உப்பு கூடுதலாகப் போட்டிருந்தேன். எல்லாரும் நிற்கிறார்களே, துப்ப முடியுமா? கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அமாவாசையன்று தரகர் வந்தபோது மாடு சந்தில் வாலை வீசிக்கொண்டு நின்றது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதோடு மனசு ஆறிற்றா என்கிறாயா? ஆறவில்லை. அவர் கல்லை ஒட்டிப் புதுச் சுவர் வைத்துப் பளிச்சென்று வெள்ளை அடித்தார். மறுநாள் காலையில் அதன் வெளிப்பக்கம் பூராவும் வறட்டி தட்டினேன். வரிசை வரிசையாக, விரல் பதிய. "அம்மா, நேத்துத்தான் வெள்ளை அடிச்சிருக்கேன்" என்று வந்து நின்றார். "உள்பக்கம் உங்க நாடு சார். இந்தாண்டப் பக்கம் என் நாட்டப் பாத்துகினு கீது" என்றேன். அவர் மனைவி உள்ளே இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அவர் வெள்ளை அடிப்பார், நான் தட்டுவேன். மன்றம் இன்னும் நடக்கிறது. சீட்டுகளை இப்போது வேறு ஒருவர் படிக்கிறார். இவர் பின்னால், கடைசிப் பெஞ்சில்…

ஐயையோ, சாணியை மூடாமல் வந்துவிட்டேன். காய்ந்துபோனால் சுவரில் பிடிக்காது. பொங்கல் வருகிறதே, இன்றைக்குக் காலையில்தான் நீலம் கலந்து சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். கீரையைப் பிடி, நான் போய்…