காதோர அரிப்பு

கிண்ணத்தில் தலைச்சாயத்தைக் குழைத்ததும் எழுந்த நெடி என்னை எழுபதுகளுக்கு, போடி ஊரில் இருந்த எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டது.

பள்ளி விட்டு வந்தால், அப்பாவின் பனியனில் யாரோ உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கண்களே இல்லை. அலறினேன்.

"ஆத்தா, பயப்படாத. அப்பாதான்," என்றது அவர் குரல்.

முந்தின நாள் பூசிய சாயம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீக்கம் வடிந்த மறுவாரமே மறுபடி பிரஷை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. பெரியவளப் பொண்ணு பாக்க வர்றாக. நரைச்ச தலையோட நின்னா என்ன நெனப்பாக?"

அம்மா கையை விட்டாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது, வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். போன தடவை பூசியதிலிருந்தே எனக்குக் காதோரம் அரிக்கிறது. வெளியே மகள் கதவைத் தட்டுகிறாள். அவள் என் கையைப் பிடித்துவிடுவாள் என்றுதான் தாழ் போட்டிருக்கிறேன்.