பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை

பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழைய டிரக்டர்களைத் திருத்துகிறவனுக்குக் கை நடுங்கினால், அது வயதினால் அல்ல. எழுபதுகளில் கண்டிப் பக்கம் கெலிஓயாவில் கராஜ் வைத்திருந்தேன். ஸ்பானர் பிடித்த சக பாவிகளே, நீங்களும் இதையெல்லாம் பட்டிருப்பீர்கள்.

ஊறிய ஒயில்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் டிரைவராக இருந்த முத்தையா ஒருநாள் சிரித்தபடி வந்தார். இஞ்சினுக்கு ஒயில் ஊற்றி மூன்று மாதமாம். ஆனாலும் அளவு ஏறிக்கொண்டே போகிறதாம். அளவுக்கம்பியை இழுத்து மோந்தேன். மண்ணெண்ணெய் வாடை! கம்பியை அவரிடமே நீட்டிக் கேட்டேன்.

"பெற்றோல்ல எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?"

"எதுக்கு வீணா? உடனே மாத்திருவேன்."

சூடேறாத இஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய், கீழே வடிந்து ஒயிலோடு கலந்திருந்தது. கழற்றினால், நீர்த்துப்போன ஒயிலில் பெயாரிங்கெல்லாம் தேய்ந்து தகடாகக் கிடந்தன. தேய்ந்த பெயாரிங்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்த முத்தையா சொன்னார்: "தானா ஊறுதேன்னு வெள்ளிக்கு வெள்ளி தேங்கா ஒடச்சேனே, அண்ணே!"

சிரட்டைத் தணல்

வத்தேகமவில் மரக்கறி பயிரிட்ட ஹாஜியார், டிரக்டரை அணைக்குமுன் பெற்றோலுக்கு மாற்ற மறந்துவிடுவார். காபரேட்டரில் மண்ணெண்ணெயே தங்கிவிடுவதால், காலைக் குளிரில் அது எழும்பாது. ஆள் அனுப்பினார், போனேன். வாசலிலேயே உறைந்து நின்றேன். மேலே பெற்றோல் டாங்கி. கீழே, இஞ்சினைச் சூடாக்கச் சட்டி நிறையச் சிரட்டைத் தணல். பக்கத்தில் குந்தியிருந்து ஹாஜியார் விசிறுகிறார்! பாய்ந்துபோய்ச் சட்டியைக் கத்தரிப் பாத்திக்குள் உதைத்தேன். அவர் நிதானமாக எழுந்து சாரத்தைத் தட்டினார்.

"பதறாதீங்க மாஸ்டர், முந்தாநாளும் இப்படித்தான் ஸ்டார்ட் எடுத்தன்."

மலைவளைவில்

முத்தையாவின் இஞ்சினைத் திருத்தி, ஓட்டிப்பார்க்க நானும் தோட்டத்துக்குப் போயிருந்த அன்று, ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. வேறு வாகனமில்லை. டிரெயிலரில் மெத்தை விரித்து, மருத்துவிச்சியோடு அவளை ஏற்றி, கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வழியில் மரம் சாய்ந்து கிடந்தது. அதை வெட்டி அகற்றுவதற்குள் இஞ்சின் ஆறிவிட்டது. பெற்றோல் டாங்கியைத் திறந்தால், சொட்டு இல்லை. முத்தையா முகம் வெளுத்துப்போனார்.

இஞ்சின் சாமான் கழுவ நான் வைத்திருந்த போத்தல் பெற்றோலைக் காபரேட்டரில் ஊற்றினேன். முத்தையா ஸ்டார்ட் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றினார். இஞ்சின் ஒருமுறை இருமியது. அதே நேரம் பின்னாலிருந்து "வீல்" என்று ஓர் அழுகை. இருவரும் விறைத்துப்போய்த் திரும்பினோம். குழந்தையைத் துணியில் சுற்றியபடி மருத்துவிச்சி எட்டிப் பார்த்தாள்.

"இனி மெதுவாவே பாருங்க, இங்க வேல முடிஞ்சிருச்சு."

இரண்டு எண்ணெயில் ஓடும் இயந்திரம் என்று எல்லோரும் சொல்வார்கள். கூடவே மெக்கானிக்கின் வயிறும் எரிவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.