பாஸ் ஆன வயிறு

யூனிஃபார்ம் கம்பெனியில் இருபது வருஷமாகக் காலர் தைத்த தையல்காரி, வாழ்க்கையில் பாஸ் ஆன ஒரே பரீட்சை மலப் பரிசோதனைதான். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்க வேறு விஷயமும் இல்லை.

புருஷனுக்கு நுரையீரலில் சளி கட்டியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சுவிடுவதற்குள் வயிறு பிடித்துக்கொண்டது. சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் குடலிலிருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. மருந்துக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. கெட்டது ஒன்று மட்டும் கேட்பாரில்லாமல் ஆட்டம் போட்டது. நாளுக்குப் பதினான்கு தடவை போனார். மூன்று முறை மருந்தில் அடங்கி, மூன்று முறையும் திரும்பி வந்தது. ஆள் பாதியாகிவிட்டார்.

ஆரோக்கியமானவர் மலத்தைக் கரைத்து வடிகட்டிக் குழாய் வழியாகக் குடலில் விட்டால், நல்ல கிருமிகள் மறுபடி குடியேறும் என்றார் டாக்டர். கொடுப்பவளாக மனைவியே தேறினாள். இத்தனை வருஷம் ஆக்கிப்போட்டவளுக்கு இதுவும் ஒரு வேலைதானே.

குழாய் விடவேண்டிய அன்று காலை, மலம் எடுக்க டப்பாவை நீட்டிய நர்ஸ், படிவத்தைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களாக்கா?"

போன வாரம் ஈறு வீங்கியிருந்தது. லீவு போட முடியாது. அலமாரியில் அவருடைய பழைய ஆன்டிபயாடிக் அட்டையில் மிச்சமிருந்த நாலு மாத்திரையை வீணாக்குவானேன் என்று விழுங்கியிருந்தாள். இல்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த அறையில் அவர் காத்திருந்தார்.

"நாலு மாத்திரை போட்டேம்மா."

நர்ஸ் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்ப முடியாதுக்கா. வேற ஆள் பார்த்து முதல்லேர்ந்து டெஸ்ட் எடுக்கணும். ஒரு மாசமாவது ஆகும்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் சுவரைப் பார்த்தார்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். ஆனா உங்களைக் காலி பண்ணின அதே மருந்தை நானும் முழுங்கியிருக்கேன். என் வயித்துல இப்ப எது உசுரோட இருக்கோ, எது செத்துச்சோ. அதைப் போய் உங்களுக்கு எப்படிக் குடுக்கறது?"

அவர் வயிற்றைப் பிடித்தபடி கையை நீட்டினார்.

"பிடி. மறுபடியும் போகணும்."