ஸ்கேல் போட்ட கடல்

துறைமுக வாயிலில் தண்ணீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று குறிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அந்த அம்மாளின் வேலை. மணிக்கு மணி அளவுக் கம்பத்தைப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து, எல்லாவற்றையும் ஒரு சைன் வளைவாகச் சேர்ப்பார். கடலின் ஏற்ற இறக்கம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

புதிதாக வந்த மேலாளருக்கு அதெல்லாம் வெட்டி வேலை. அவர் வாங்கிய பட்டங்களுக்குப் பெயர்ப்பலகையில் இடம் போதவில்லை. மூளையில் மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

“ஆறு மணிக்கு எட்டு மீட்டர், பன்னெண்டுக்கு ரெண்டு. மணிக்கு ஒண்ணா குறையுது. இதுக்கு எதுக்கும்மா வளைச்சு நெளிச்சுப் படம் வரையிறீங்க?” என்று ஸ்கேலை வைத்து இரண்டு புள்ளிகளையும் நேராக இணைத்தார். “பத்து மணிக்கு நாலு மீட்டர். நம்ம படகு வாயிலைத் தாண்ட நாலு இருந்தாப் போதும்.”

“தண்ணி அப்படி இறங்காது சார். முதல்ல மெதுவா, நடுவுல மளமளன்னு, கடைசில மறுபடி மெதுவா. பத்து மணிக்கு மூணரைதான் இருக்கும்.”

“எனக்கே பாடமா?”

கடலுக்கே உத்தரவு போட்டுவிட்ட மிதப்பில் அவரும் படகில் ஏறிப் போனார். சரியாகப் பத்து மணிக்குத் துறைமுக வாயிலின் சேற்றில் படகு தட்டி நின்றது. கரையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அம்மாளுக்கு போன் வந்தது.

“மறுபடி நாலு மீட்டர் எப்போம்மா வரும்?”

அம்மாள் நிதானமாகத் தாளை விரித்தார்.

“உங்க ஸ்கேல் ரெண்டு மணிங்குது சார். என் வளைவு ரெண்டு இருபது தாண்டணும்ங்குது. அங்கேயே இருந்து எது சரின்னு பாத்துட்டு வாங்க.”